வேஷம் போட்டால் பதில் சொல்ல வேண்டும்

போன மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணும் மாப்பிள்ளையும் என்னையும் என் மனைவியையும் அழைத்துப் போன கப்பல் பயணத்தின் படங்களை நண்பர்களிடம் காட்டினேன். கடல், மேல்தளம், பேத்தி, ஐஸ்கிரீம் என்று படங்கள் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு மேஜைப் படம் வந்ததும் ஒரு நண்பர் நிறுத்தச் சொன்னார். ஐம்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்க அம்மாள், நீலப் பட்டு கவுன், முழங்கை வரை வெள்ளைக் கையுறை, தலையில் சின்னக் கிரீடம் சகிதம் சிண்ட்ரெல்லாவாக எங்கள் மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார் இது? கோட்டு சூட்டோடு போக வேண்டிய விருந்துக்கு மாறுவேடப் போட்டி மாதிரி வந்திருக்கிறார்களே! வயசாக ஆக புத்தி தேய்கிறதா?" என்றார் நண்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, சிரித்திருக்க வேண்டாமோ என்று தோன்றியது. அதன் விளைவே இந்தக் கட்டுரை.

இந்தக் கப்பல்களைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது விவரம். மிக்கி மவுஸ் புகழ் டிஸ்னி நிறுவனம் 1998ல் 'டிஸ்னி மேஜிக்' என்ற உல்லாசக் கப்பலை ஓட்டத் தொடங்கியது. மறு ஆண்டே 'டிஸ்னி வொண்டர்' வந்தது. பிறகு 2011, 2012, 2022, 2024 என்று மேலும் கப்பல்கள் சேர்ந்தன. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒரு கப்பலுக்கும் ஏற்பாடு செய்ததால், இனி நம் குடும்பங்களில் சிலரும் போய் வருவார்கள். கப்பலில் சாப்பாட்டு மண்டபங்கள் மூன்று. இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று நாம் மாறி மாறிப் போக, நமக்குப் பரிமாறுகிறவர்களும் கூடவே வருவார்கள். ஏழு இரவுப் பயணத்தில் பொதுவாக ஓர் இரவு கடற்கொள்ளைக்காரர் வேடத்துக்கு. இன்னோர் இரவு 'ஃபார்மல் நைட்'. அன்று ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் நீண்ட கவுனும் அணிந்து வருவது வழக்கம். மிக்கி மவுஸ்கூட அன்று கோட்டு சூட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறது. எலி கோட்டு போட்டு வரும் அதே இரவில் மனிதர்கள் சிலர் கதாபாத்திரங்களாக வந்துவிடுகிறார்கள். அதுதான் பலருக்கு உறுத்துகிறது.

நண்பர் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. இது முறையான உடையா? இது பெரியவர்கள் செய்கிற காரியமா? அவர் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. என் கணக்கில் அதுதான் முக்கியமானது.

முதலில் முறையான உடை. கறுப்புக் கோட்டும் வில் டையும் சேர்ந்த அந்த விருந்து உடைக்கு அமெரிக்காவில் 'டக்சீடோ' என்று பெயர். நியூயார்க் அருகே 1886ல் தொடங்கிய டக்சீடோ பார்க் என்ற இடத்தின் பெயரால் வந்தது அது. அந்தக் காலத்தில் முறையான விருந்து என்றால் பின்னால் வால் தொங்கும் கோட்டுதான். வாலில்லாத இந்தக் கோட்டை வீட்டளவில் போடுகிற சாதாரண உடையாகவே நினைத்தார்கள். அன்றைய சாதாரணம் இன்றைய கௌரவமாகிவிட்டது.

கப்பலில் வேஷம் போடுவதும் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் பி. அண்ட் ஓ. கப்பல்களில் இந்தியாவுக்கு வந்த நாட்களில், வழியில் ஒரு மாறுவேட நடனம் வைப்பார்கள். கலெக்டரும் கர்னலும் வேஷம் கட்டிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். அதற்கும் முந்தியது பூமத்திய ரேகையைத் தாண்டும் சடங்கு. மாலுமி ஒருவர் கடலரசன் நெப்டியூனாக வேடமிட்டு வர, முதல் முறை ரேகையைத் தாண்டுபவர்களுக்கு முகத்தில் கண்டதையும் பூசி, சிரைத்து, தண்ணீரில் முக்குவார்கள். 1832 பிப்ரவரியில் 'பீகிள்' கப்பலில் சென்ற இளம் விஞ்ஞானி டார்வினும் இதற்குத் தப்பவில்லை.

நம் வேட்டிக்கு வருவோம். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, உடை விதியைக் காட்டி உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே இப்படிப்பட்ட தடைகள் செல்லாது என்று தமிழக சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டி கட்டிய ஊரிலேயே வேட்டி முறையான உடை என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது!

கப்பலில் அந்த இரவு நானும் வேட்டிதான் கட்டிக்கொண்டு போனேன். கரை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம். லிப்டில் ஆறு வயதுப் பையன் ஒருவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கள் எந்தப் படத்தில் வருகிறவர்?" என்று கேட்டான். அவன் அம்மாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. "எங்கள் ஊரில் விருந்துக்கு இப்படித்தான் போவோம்" என்று சொல்லிச் சமாளித்தேன். லிப்டை விட்டு இறங்கியதும் பேத்தி, "தாத்தா, அவன் உங்களை அலாதீன் கதை பூதம்னு நினைச்சுட்டான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

என் கௌரவ உடை அந்தப் பையனுக்கு வேஷம். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? வடக்கே காலனியில் வேட்டியோடு நடந்தாலே, "ஆஜ் கோயி பூஜா ஹை?" என்று விசாரிக்கிறவர்கள் மத்தியில்தானே இத்தனை வருஷம் வாழ்ந்திருக்கிறோம். எது உடை, எது வேஷம் என்பது பார்க்கிறவர் கண்ணில் பாதி இருக்கிறது. அப்படியிருக்க, அடுத்தவர் கவுனைப் பார்த்து நாம் தீர்ப்பு எழுதுவது நியாயமாகப் படவில்லை.

இரண்டாவது கேள்வி வயது பற்றியது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். மீசை நரைத்தவர்கள்கூட காளியாக, குரங்காக, கரடியாக, போலீஸ்காரராக, பிச்சைக்காரராக வேடமிட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் செலுத்துகிறார்கள். அது நேர்த்திக்கடன், இது பொழுதுபோக்கு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. வேஷம் கட்ட வயதுவரம்பு கிடையாது என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் உண்டு. காளி வேஷம் போடுகிறவர் அதற்காகப் பல நாள் விரதம் இருக்கிறார். ஆண்டு முழுவதும் கடை நடத்துகிறவர், லாரி ஓட்டுகிறவர், அந்த உடையைப் போட்ட பிறகு தான் மட்டும் இல்லை என்று நினைத்து நடக்கிறார். எதிரே வந்து கைகூப்புகிறவர்கள் அவரைக் காளியாகத்தான் பார்க்கிறார்கள்.

இங்கேதான் மூன்றாவது கேள்வி வருகிறது. உன் வேஷத்தை ஒருவர் நம்பிவிட்டால் நீ என்ன செய்வாய்?

இதைக் கேட்க எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. ரயில்வேயில் சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. மத்திய இந்தியாவில் ஒரு ஜங்ஷனில் வேலை. 1853ல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணி ரயில் ஓடிய ஏப்ரல் 16ஐ ஒட்டி அந்நாளில் ரயில்வே வாரம் கொண்டாடுவார்கள். அந்த வருஷம் எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். மேடை ஏறக் கோட்டு வேண்டுமே! டிப்ளமோ படித்துவிட்டுத் தண்டவாளத்தோடு வெயிலில் அலைகிறவனிடம் கோட்டு ஏது? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டி.டி.இ. தன் கறுப்புக் கோட்டைக் கொடுத்து உதவினார். அதைப் போட்டுக்கொண்டு பிளாட்பாரம் வழியாக விழாவுக்கு நடந்தேன்.

பத்தடி போவதற்குள் ஒரு குடும்பம் ஓடி வந்தது. வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட், கைக்குழந்தை, கூட ஒரு வயதான அம்மாள். "சாப், ஒரு பெர்த்தாவது கிடைக்குமா?" என்று கெஞ்சினார்கள். நான் டி.டி.இ. இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அந்த மரியாதை எனக்குப் புதிது, ருசியாக இருந்தது. "பார்க்கலாம், வண்டி வரட்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். விழா முடிந்து திரும்பும்போது வண்டி வந்து நின்றிருந்தது. நிஜமான டி.டி.இ. வேறொரு பெட்டியருகே நிற்க, அந்தக் குடும்பம் அவரிடம் போகாமல் கூட்டத்தில் கறுப்புக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் தேடியது என்னை. நான் ஓவர்பிரிட்ஜ் மேலேயே நின்றுவிட்டேன். வண்டி புறப்படும் வரை இறங்கவில்லை. அவர்கள் ஏறினார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மாள் மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் திரும்பிப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நான் போட்டிருந்தது மிகவும் முறையான உடை. ஆனாலும் அன்று செய்தது வேஷத்திலும் கீழான காரியம்.

டிஸ்னிக்காரர்கள் இந்த ஆபத்தை அறிந்தே இருக்கிறார்கள். அமெரிக்காவில் உள்ள அவர்களுடைய பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சாதாரண நாட்களில் கதாபாத்திர உடையில் வரக்கூடாது. ஹாலோவீன் போன்ற தனி நிகழ்ச்சிகளில் அனுமதி உண்டு. அப்போதும் மற்ற விருந்தினர்களுக்காகப் படத்துக்கு நிற்பதோ, கையெழுத்துப் போடுவதோ கூடாது என்று விதி. காரணம் எளிது. குழந்தைக்கு நிஜ நடிகை யார், டிக்கெட் வாங்கி வந்த அத்தை யார் என்று தெரியாது. இந்த விதியால்தான் பெரியவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். கதாபாத்திரத்தின் நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டு சாதாரண உடையையே அதற்கேற்ப உடுத்துவது. 2011ல் இருந்து 'டிஸ்னிபவுண்டிங்' என்ற பெயரில் இது பரவியிருக்கிறது.

இப்போது எங்கள் மேஜைச் சிண்ட்ரெல்லாவுக்கு வருகிறேன். கவுனை அவரே தைத்தாராம். மாதக்கணக்கில் இரவு வேலை முடிந்து வந்து, கொஞ்சம் கொஞ்சமாக. சூப் வந்த நேரத்தில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று கையெழுத்து நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடி வந்தது. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவருக்கும் அது ருசியான நேரம்தானே? கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அத்தனை பெரிய கவுனோடு தரையில் மண்டியிட்டார். "நான் சிண்ட்ரெல்லா இல்லை, கண்ணே. உன்னைப் போல நானும் அவளைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும் என்பதால் இப்படி உடுத்தியிருக்கிறேன். சாப்பிட்டதும் அவள் எங்கே நிற்கிறாள் என்று சேர்ந்து போய்த் தேடுவோமா?" என்றார். குழந்தை கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் கவுனும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் சொல்லிவிட்டு, நிஜமாகவே அவர் கூடப் போனார்.

ஓவர்பிரிட்ஜ் மேல் நின்ற எனக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை.

எனவே என் தாழ்மையான அபிப்பிராயம் இது. ஃபார்மல் நைட்டில் பெரியவர்கள் வேஷத்தோடு வரட்டும். இரண்டு நிபந்தனைகள் போதும். ஒன்று, அடுத்தவருக்கு இடைஞ்சல் கூடாது. ரயில்வேயில் ஒரு வண்டியின் அகலத்துக்கு வரம்பு உண்டு. அகலப் பாதையில் 3250 மில்லிமீட்டர். அதை மீறும் சரக்குக்கு 'ஓ.டி.சி.' என்று பெயர். தனி அனுமதி இல்லாமல் நகர முடியாது. தட்டுகளோடு பரிமாறுகிறவர்கள் ஓடும் இடத்தில் இறக்கையும் வாளும் வளையக் கவுனும் ஓ.டி.சி.தான். உட்கார்ந்தால் நாற்காலிக்குள் அடங்குகிற வேஷமாக இருக்கட்டும். இரண்டு, யாராவது நம்பி வந்து கேட்டால் உண்மையைச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். அதையும் கேட்டவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.

இந்த இரண்டும் கோட்டு சூட்டுக்காரர்களுக்கும் பொருந்தும், வேட்டிக்காரர்களுக்கும் பொருந்தும். அடுத்த கூட்டத்தில் அதே படத்தை மறுபடியும் காட்டப் போகிறேன். அந்த அம்மாள் குழந்தையிடம் சொன்ன பதிலையும் இந்தத் தடவை சேர்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகும் நண்பர் சிரித்தால் சிரிக்கட்டும். கூட நான் சிரிக்க மாட்டேன்.