வகுப்புக்கே போகாமல் கல்லூரி கிரெடிட்! அமெரிக்க மாணவர்களின் 'ஏபி' தேர்வு... எங்கே சிக்கல்?

பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தை முடித்துவிட முடியுமா? அமெரிக்காவில் முடியும். அதற்கான வழிதான் 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' எனப்படும் ஏபி தேர்வு. பள்ளியில் அந்தப் பாடமே இல்லாவிட்டாலும், வீட்டில் தானாகப் படித்து எழுதும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இவர்களுக்குப் பெரிய தடை புத்தகம் அல்ல.

ஏபி தேர்வு என்றால் என்ன?

எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு அமைப்புதான் இதையும் நடத்துகிறது. கால்குலஸ், இயற்பியல், உளவியல், வரலாறு எனச் சுமார் 40 பாடங்கள் உள்ளன. மே மாதம் தேர்வு, ஜூலையில் ரிசல்ட். மதிப்பெண் 1 முதல் 5 வரை.

அங்கு இளநிலைப் பட்டம் பெற பொதுவாக 120 கிரெடிட் தேவை. ஒரு பாடத்துக்கு 3 அல்லது 4 கிரெடிட். தேர்வுக் கட்டணம் சுமார் 100 டாலர்தான். அதே பாடத்தைக் கல்லூரியில் படித்தால் ஆயிரக்கணக்கான டாலர் வரை ஆகலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்தச் சேமிப்பு சின்ன விஷயம் இல்லை.

யார் வேண்டுமானாலும் எழுதலாமா?

செமினார், ரிசர்ச் போன்ற சில பாடங்களைத் தவிர, வகுப்பில் சேர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் தேர்வை ஒரு பள்ளியில்தான் எழுத முடியும். சொந்தப் பள்ளியில் ஏபி இல்லையென்றால், வேறு பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு இடம் வாங்க வேண்டும். வெளி மாணவர்களைச் சேர்த்துக்கொள்வது அந்தப் பள்ளியின் விருப்பம். பதிவுக்கான கெடு நவம்பர் நடுப்பகுதியிலேயே முடிந்துவிடும். பிறகு வந்தால் தாமதக் கட்டணம். ஆக, மே மாதத் தேர்வுக்கு முந்தைய செப்டம்பரிலேயே பள்ளி தேட வேண்டும்.

5 வாங்கினால் கிரெடிட் உறுதியா?

இல்லை. முடிவு கல்லூரியின் கையில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 3 மதிப்பெண்ணுக்கே கிரெடிட் தருகிறது. எம்ஐடியில் கால்குலஸ் பிசி தேர்வில் 5 வாங்கினால்தான் முதல் கால்குலஸ் பாடத்துக்கு கிரெடிட். கால்டெக் ஏபி மதிப்பெண்ணுக்கு கிரெடிட் தருவதில்லை. டார்ட்மவுத் கல்லூரியும் 2014இல் சேர்ந்த மாணவர்கள் முதல் நிறுத்திவிட்டது.

கிரெடிட் கிடைத்தாலும், அது விருப்பப் பாடக் கணக்கில் மட்டும் சேர்ந்தால் மேஜர் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டியதுதான். பிற்பாடு மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு ஏபி கிரெடிட்டை ஏற்காத மருத்துவக் கல்லூரிகளும் உண்டு.

எந்தப் பாடம் எளிது?

உளவியல், மனிதப் புவியியல் போன்றவற்றைத் தனியாகப் படிப்பது ஓரளவு சுலபம். வேதியியல், உயிரியலில் ஆய்வகப் பயிற்சி இல்லாமல் சிரமம். முந்தைய ஆண்டுகளின் விரிவான விடைக்கான கேள்விகளும், மதிப்பெண் போடும் முறையும் காலேஜ் போர்டு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கான் அகாடமியிலும் பல ஏபி பாடங்களைக் காசில்லாமல் படிக்கலாம்.

இன்னொன்று: வகுப்பில் படிக்காததால், பள்ளி ஜிபிஏவில் ஏபி பாடத்துக்கான கூடுதல் மதிப்பு சேராது. கையில் இருப்பது தேர்வு மதிப்பெண் மட்டுமே.

அதனால் புத்தகம் வாங்குவது மூன்றாவது வேலை. சேர விரும்பும் கல்லூரியின் கிரெடிட் பட்டியலைப் பார்ப்பது முதல் வேலை. தேர்வு எழுத இடம் பிடிப்பது இரண்டாவது. இந்த வரிசை மாறினால், ஒரு வருட உழைப்புக்குக் கையில் மிஞ்சுவது வெறும் மதிப்பெண்தான்.