லஞ்சம் கேட்டா பயப்படாதீங்க... 7 நாள் கெடுவை மறக்காதீங்க!

பட்டா பெயர் மாற்றமா? வாரிசு சான்றிதழா? "கொஞ்சம் கவனிச்சுட்டுப் போங்க..." என்ற பேச்சைக் கேட்டு, காரியம் நடந்தா போதும்னு பணத்தை நீட்டிவிட்டு வருகிறவர்கள் ஏராளம். அதில்தான் சிக்கல்!

2018-ம் ஆண்டு திருத்தப்பட்ட ஊழல் தடுப்பு சட்டப்படி, லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். 7 ஆண்டு வரை ஜெயில் கிடைக்கலாம். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. அதுவும் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான். பயந்துபோய் வாயை மூடிக்கொண்டால், வாங்கியவரோடு சேர்ந்து கொடுத்தவரும் மாட்டலாம்.

அதனால் கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்பு போலீசிடம் போவதுதான் நல்லது. நோட்டுகளில் பினாப்தலின் பவுடர் தடவி அனுப்புவார்கள். வாங்கியவரின் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், கரைசல் ரோஸ் கலராகிவிடும். கையும் களவுமாக சிக்கிவிடுவார்.

ஆனால் கோர்ட்டில் சாயம் மட்டும் போதாது. லஞ்சம் கேட்டதும் நிரூபணம் ஆகணும். புகார் கொடுத்தவர் பின்னால் பல்டி அடித்தாலும், சூழ்நிலை சாட்சியத்தை வைத்து தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

ஆகவே யார், எந்த தேதியில், எவ்வளவு கேட்டார் என்பதை அன்றைக்கே எழுதி வைப்பது அவசியம். அந்த துண்டுச்சீட்டும் வழக்குக்கு கைகொடுக்கலாம்!