மார்கழியில் கீசர்: ‘எப்பவும் ஆன்ல இருக்கட்டும்’ என்பது சரியா?

மலைப் பக்கமிருந்து காத்து இறங்குற மார்கழி விடியலில், வாசுதேவநல்லூர்க்காரர்களிடம் “பச்சைத் தண்ணியில குளிங்க, கரன்ட் மிச்சம்” என்று சொல்லிப் பாருங்கள். யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கவும் வேண்டாம். சுடுதண்ணியை விடாமலே பில்லைக் குறைக்கலாம்.

முதலில் கணக்கு. 25 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.35 யூனிட் போதும். அதுதான் ஒரு பக்கெட் குளியல். நாலு பேர் குளித்தால் 60 நாளில் 84 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பெரும்பகுதி பாத்ரூமிலேயே போய்விடுகிறது!

இதற்கு மேல் போவதுதான் வீண். “அடிக்கடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அதிகமா இழுக்கும்” என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். தப்பு. ஆன்லயே விட்டால், டேங்கிலிருந்து கசியும் வெப்பத்தை ஈடுகட்ட கீசர் நாள் முழுக்க அவ்வப்போது வேலை செய்யும். கீசரில் ஒட்டியிருக்கும் ஸ்டார் இந்தக் கசிவைத்தான் அளக்கிறது. எவ்வளவு சீக்கிரம் சுடும் என்பதை அல்ல. 15 லிட்டர், 2,000 வாட் கீசர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 20 நிமிடம் போதும். போட்டுவிட்டு, எல்லாரும் அடுத்தடுத்துக் குளித்து, அணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டை 50-க்குக் கீழே மட்டும் இறக்க வேண்டாம். வெதுவெதுப்பில் தேங்கும் நீரில் கிருமி வளரும்.

அப்போ ஹீட் பம்ப்? ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தைப் பின்பக்கம் தள்ளுகிறதில்லையா, அதே சங்கதிதான். வெளிக்காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளும். ஒரு யூனிட் கரன்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று யூனிட் வெப்பம். கனடா பனியில் அது திணறும். நம்ம ஊர் மார்கழியே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் இங்கே அதற்குக் கொண்டாட்டம்.

ஆனால் நாலு பேர் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதா கீசரைவிட விலை பல மடங்கு. அது பொருந்தும் இடம் குற்றாலம் லாட்ஜுகள். சீசனில் சாரலும் மேகமுமாக இருக்கும்போது மாடியில் சோலார் ஹீட்டர் தூங்கும். அருவியில் நனைந்து நடுங்கி வருகிறவர்கள் கேட்பதோ சுடுதண்ணி. வெயிலே இல்லாவிட்டாலும் ஹீட் பம்ப் ஓடும். அறைக்கு ஒரு கீசர் மாட்டி நாள் முழுக்க ஆன்ல விடும் லாட்ஜ் முதலாளிகள், அடுத்த சீசனுக்குள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.