மின்சாரம் போய்த் திரும்பி வந்த நிலையம்

முதலில் நீராவி, பிறகு டீசல், கடைசியில் மின்சாரம். ரயில் வண்டியின் வளர்ச்சியை இந்த வரிசையில்தான் நீங்கள் படித்திருப்பீர்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆறு கடலில் கலக்கும் இடத்திலுள்ள டைன்மவுத் ரயில் நிலையத்திடம் கேட்டால் வேறு வரிசை சொல்லும். அங்கே நீராவிக்குப் பின் மின்சாரம் வந்தது. மின்சாரத்துக்குப் பின் டீசல்; அதற்குப் பின் மறுபடியும் மின்சாரம்!

இந்த நிலையம் 1882-ல் திறக்கப்பட்டது. நியூகாசில் நகர மக்கள் விடுமுறை நாட்களில் கடற்கரைக்குத் திரளாக வருவார்கள் அல்லவா? அவர்களுக்காக இரும்புத் தூண்களின் மேல் நீண்ட கண்ணாடிக் கூரைகளை அமைத்தார் வில்லியம் பெல் என்ற கட்டடக் கலைஞர்.

பின்னர் நகரத் தெருக்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. பயணிகள் புகைவண்டியை விட்டு டிராமுக்குப் போனார்கள். ரயில் கம்பெனி விழித்துக்கொண்டது. 1904-ல் தண்டவாளத்தின் அருகே மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் பதித்து, அதில் 600 வோல்ட் நேர்மின்சாரம் செலுத்தி வண்டிகளை ஓட்டியது. ஸ்டீவன்சன் 1823-ல் நீராவி எஞ்சின் தொழிற்சாலை தொடங்கிய அதே நியூகாசிலில்தான் இது நடந்தது!

1967-ல் அந்த மின்சாரத்தை நிறுத்தினார்கள். வண்டிகள் தேய்ந்திருந்தன, மின் கருவிகளும் பழையவை, பேருந்தும் காரும் பயணிகளை இழுத்துக்கொண்டிருந்தன. புதிதாகச் செலவு செய்வதைவிட டீசல் வண்டிகளை ஓட்டுவது மலிவு என்று கணக்கிட்டார்கள். அந்த ஆண்டின் வரவு செலவுக்கு அது சரியான கணக்காக இருந்திருக்கலாம். ஆனால் அது குறுகிய கணக்கு என்பதே என் கருத்து. ஏனெனில் பதின்மூன்றே ஆண்டுகளில், 1980 ஆகஸ்டு 11-ந் தேதி, டைன் அண்டு வியர் மெட்ரோ என்ற இலகு ரயில் அதே டைன்மவுத்துக்கு மின்சாரத்தில் ஓடி வந்தது. ஒரு முறை கழற்றி எறிந்ததை மறு முறை பணம் கொடுத்து அமைக்க வேண்டியதாயிற்று.

இம்முறை மின்சாரம் மேலே கட்டிய கம்பியில், 1500 வோல்ட்டில் வந்தது. ஏன் அதிக வோல்ட் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது. அதே திறனுக்கு 600 வோல்ட்டில் இரண்டரை மடங்கு மின்னோட்டம் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாவது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே கம்பியின் மின்தடை மாறாவிட்டால் இழப்பு ஆறேகால் மடங்கு!

ஒன்றை மட்டும் 1967-ல் சரியாகச் செய்தார்கள். மின்சாரத்தை எடுத்தார்களே தவிரப் பாதையை எடுக்கவில்லை. மெட்ரோவுக்காக நியூகாசில் நகரின் நடுவே புதிதாகச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. புறநகரிலோ பெரும்பாலும் பழைய ரயில் பாதையே போதுமானதாக இருந்தது. அந்த நிலத்தில் வீடுகள் எழுந்திருந்தால் மெட்ரோவைப் பற்றிப் பேசியே இருக்க முடியாது. வண்டி முப்பது நாற்பது ஆண்டுகளில் தேயும். மின் கருவியை மாற்றிவிடலாம். ஊர்களுக்கு நடுவே விட்ட பாதையைத்தான் திரும்பப் பெறுவது அரிது. உங்கள் ஊரில் பயன்படாமல் கிடக்கும் பாதை ஏதேனும் இருந்தால், அதன் மேல் யார் கண் வைத்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

கண்ணாடிக் கூரை என்ன ஆயிற்று என்கிறீர்களா? மெட்ரோவுக்கு இரண்டு நடைமேடைகளே போதும். மிஞ்சிய கூரை துருப்பிடித்துச் சிதைந்தது. இரண்டு நடைமேடைக்கு இவ்வளவு பெரிய கூரையா என்று நீங்கள் கேட்கலாம். 2012-ல் அதைப் பழுதுபார்த்து முடித்தார்கள். இப்போது சனி, ஞாயிறுகளில் அதன் கீழ் சந்தை கூடுகிறது. சாமான் வாங்க வருகிறவர்கள் மெட்ரோவிலேயே வந்து இறங்குகிறார்கள்.