நடுப்பருவத் தீர்ப்பு

அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் பந்தாட்டத்தைக் கண்டு களிப்போர்பால் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் ஆடவேண்டிய 162 ஆட்டங்களுள் பாதி முடியுமுன்னரே, அணி வீழ்ந்ததென்றும் பந்தெறிவோன் கை ஓய்ந்ததென்றும் தீர்ப்பளித்துவிடுவர். இஃது ஏற்புடைத்தன்று என்பதே எம் கருத்து.

முதற்கண் அணிகளை நோக்குவோம். 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கடையிடத்திற் கிடந்த பாஸ்டன் பிரேவ்ஸ் அணியே அவ்வாண்டு வேர்ல்ட் சீரிஸ் வாகையைச் சூடியது. 2019இல் முதல் 50 ஆட்டங்களுள் 31இல் தோற்ற வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியும் அவ்வாறே வென்றது.

எறிவோரின் தளர்ச்சியோ இன்னும் நுண்ணியது. 1974இல் டாமி ஜான் என்பாருக்கு முழங்கை நார் சிதைந்தது. மருத்துவர் பிராங்க் ஜோப் மற்றைக் கையினின்று நார் எடுத்துப் பொருத்தினார். 1976இல் களம் மீண்ட அவர், 1989 வரை ஆடி, மேலும் 164 வெற்றிகள் பெற்றார். பிட்ஸ்பர்க் அணியின் ஸ்டீவ் பிளாஸோ 1972இல் 19 வெற்றிகள் கண்டவர். மறு ஆண்டே, கையில் ஊறு யாதுமின்றி, குறி தப்பலானார். பின்னர் அத்திறன் மீளவேயில்லை.

தளர்ந்தோர் அனைவரும் மீள்வர் என்று யாம் சாதிக்கவில்லை. மீள்வார் யார், மீளார் யார் என்பதனை இருக்கையில் அமர்ந்து இரைவோர் எங்ஙனம் அறிவர் என்றே வினவுகின்றோம். வென்ற நாளிற் புகழ்ந்த நாவே தோற்ற நாளிற் சுடுமாயின், அப்புகழ்ச்சி ஆட்டக்காரனுக்கு உரியதன்று; வெற்றிக்கே உரியது. பருவம் முடியட்டும், பின்னர்ப் பேசுவோம்.