புதுச் சட்டை எதற்கு, அச்சு போதும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் மார்ச் மாதம் பசிபிக்கா திருவிழா நடக்கும்போது, ஏரியைச் சுற்றி சமோவா, டோங்கா, குக் தீவுகள், நியுவே, பிஜி என்று தீவுக்கொரு ‘கிராமம்’ எழும்பும். அங்கும், கோடை முழுக்க நகரெங்கும் நடக்கும் மற்றத் திறந்தவெளி விழாக்களிலும், கையால் அச்சடித்த டி-ஷர்ட்டும் சுவரொட்டியும் விற்கும் கூடாரங்களைப் பார்க்கலாம். ‘கைவினை’, ‘சூழலுக்கு உகந்தது’ என்ற சொற்கள் அவற்றின் பலகைகளில் அடிக்கடி தென்படும். முதல் சொல் பெரும்பாலும் உண்மை. இரண்டாவது சொல் பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கான விடை திருப்பூரிலும் டாக்காவிலும் இருக்கிறது. இந்தக் கடைகள் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் அந்த மீதியைப் பற்றி முதலில் பேச வேண்டும்.

இந்த வியாபாரத்துக்கு ஆக்லாந்தில் ஒரு மரபு உண்டு. 1970களில் குக் தெருச் சந்தை இளம் கைவினைஞர்களின் கூடமாக இருந்தது. 1979 ஜனவரியில் வைஹி ஊருக்கு அருகே நடந்த நம்பாஸா விழாவுக்கு ஏறத்தாழ 75,000 பேர் திரண்டார்கள். பாட்டோடு கைத்தொழிலும் மாற்று வாழ்க்கை முறையும் அங்கே பேசுபொருளாயின. 1984இல் மாநகரத்தின் பழைய குப்பை எரிப்பு நிலையமே விக்டோரியா பார்க் மார்க்கெட்டாக மாறியது. அதன் செங்கல் புகைபோக்கி இன்றும் நிற்கிறது. அடுத்த ஆண்டு ஜூலை 10 அன்று ஆக்லாந்துத் துறைமுகத்தில் கிரீன்பீஸின் ‘ரெயின்போ வாரியர்’ கப்பலைப் பிரெஞ்சு உளவாளிகள் குண்டு வைத்து மூழ்கடித்தனர். ஃபெர்னாண்டோ பெரேரா என்ற புகைப்படக்காரர் இறந்துபோனார். 1987இல் அணு ஆயுதமற்ற மண்டலச் சட்டம் வந்தது. அதுவரை நீண்ட அணு எதிர்ப்புப் போராட்டத்தில் சுவரொட்டியும் பேட்ஜும் டி-ஷர்ட்டும் வீட்டு ஜன்னல்களிலும் மக்கள் நெஞ்சிலும் வாசகங்களைத் தாங்கி நின்றன.

தெற்கு ஆக்லாந்தின் ஒடாரா இன்னொரு கதை சொல்கிறது. அந்த ஊரோடு தொடர்புடைய சிலிகா டேவிட் செடோகாவின் ‘போப்போஹார்ட்வேர்’ டி-ஷர்ட்டுகள் பெரிய நிறுவனங்களின் முத்திரைகளைத் திருப்பிப்போட்டு, தீவு மக்களின் பேச்சையும் பெருமையையும் அதே இடத்தில் எழுதின. தேசிய அருங்காட்சியகமான தே பாபாவின் சேகரிப்பில் அவை இடம்பெற்றிருக்கின்றன. ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள டி-ஷர்ட்டைப் போல மலிவான, நாலு பேர் கண்ணில் படும் ஊடகம் வேறில்லை. ஆகவே இந்தக் கடைகளை வெறும் கேளிக்கைச் செலவு என்று நான் ஒதுக்க மாட்டேன்.

சரி, அந்த டி-ஷர்ட்டின் கழுத்தைத் திருப்பிப் பார்ப்போம். நியூசிலாந்துச் சட்டப்படி புதிய உடையில் மூன்று தகவல்கள் இருக்க வேண்டும்: எந்த நாட்டில் தைத்தது, என்ன இழை, எப்படித் துவைப்பது. முதலாவதற்கான விதி 1992இல் வந்தது. மற்ற இரண்டும் 2000இல். திருவிழாக் கூடாரத்துக்கும் இதில் விலக்கு இல்லை. அந்தச் சின்ன லேபிளில் சீனா, பங்களாதேஷ், இந்தியா என்ற பெயர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். 1980களின் நடுவிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளையும் வரிகளையும் நியூசிலாந்து அடுத்தடுத்துத் தளர்த்தியது. உள்ளூர்த் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001இல் பங்களாதேஷ் உள்ளிட்ட பின்தங்கிய நாடுகளின் பொருள்களுக்கு வரி நீங்கியது. 2008இல் சீனாவுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று ஆக்லாந்தில் ஓர் இளைஞர் அச்சடிக்க வெற்று டி-ஷர்ட் வாங்கினால், அது கடல் தாண்டி வந்ததாகவே இருக்கும். அவருடைய கை படுவது கடைசி அரை மணி நேரத்தில் மட்டும். பருத்தி விளைந்தது, நூலானது, துணியாகப் பின்னப்பட்டது, சாயம் ஏறியது, வெட்டித் தைத்தது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டன. சூழல் கணக்கின் பெரும்பகுதியும் அங்கேதான் முடிந்திருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை. ‘பனியன் கம்பெனி’ என்றாலே நமக்குத் திருப்பூர்தான். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமாக உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும், மிச்சச் சாயமும் உப்பும் கழிவுநீரோடு போகும். பல ஆண்டுகள் அந்தக் கழிவுநீர் நொய்யல் ஆற்றில் போனது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. வயலுக்கு விடவேண்டிய தண்ணீரை விடாதீர்கள் என்று உழவர்களே கெஞ்சும் நிலை வந்தது. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றப் படியேறிப் போராடிய வழக்கில், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற ஏற்பாடு அதன் பிறகே இறுகியது. தண்ணீரைச் சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்த வேண்டும். மின்சாரமும் விறகும் பணமும் தின்னும் வேலை இது. அந்தச் செலவைத் திருப்பூர் ஏற்றிருக்கிறது. அதே கட்டுப்பாடு இல்லாத ஊர்களோடு விலையில் போட்டியும் போட வேண்டியிருக்கிறது. ‘சூழலுக்கு உகந்த’ டி-ஷர்ட் என்று ஒன்று இருக்குமானால், அதன் விலையில் இந்தச் செலவும் சேர்ந்திருக்க வேண்டும். ஆக்லாந்துக் கூடாரத்தின் பலகையில் இதைப் பற்றி ஒரு வரியாவது எழுத இடமிருக்கிறது.

எழுத முடியும் என்பதற்கு நியூசிலாந்திலேயே சான்று உண்டு. வெலிங்டனில் 2006இல் தொடங்கிய கவ்டவ் நிறுவனம், இந்தியாவில் விளைந்த இயற்கைப் பருத்தியை நியாய வணிக முறையில் வாங்கி இந்தியாவிலேயே தைக்கிறது. எங்கே, யாரிடம் என்பதையும் சொல்லி விற்கிறது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலிலிருந்து விடுபட விரும்பும் பெண்களுக்காக நியூசிலாந்துத் தம்பதி தொடங்கிய ஃப்ரீசெட், சணல் பையும் டி-ஷர்ட்டும் தைக்கிறது.

அச்சு மையிலும் கவனிக்க ஒன்று உண்டு. பிளாஸ்டிசால் மை பளிச்சென்று உட்காரும், வேலை எளிது. ஆனால் அது பி.வி.சி. பிளாஸ்டிக். தண்ணீர் சார்ந்த மை துணிக்குள் இறங்கும், தொட்டால் உறுத்தாது. ஆனால் வெயிலில் அச்சுத் திரையின் வலைக்கண்ணிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். புல்வெளியில் மேசை போட்டு அச்சடிக்கிறவர் ஒரு கையில் மையை இழுக்கும் ஸ்குவீஜியும் மறு கையில் தண்ணீர் தெளிப்பானுமாக நிற்பது இதனால்தான். இழுத்த பிறகு சூட்டில் அழுத்தி மையை நிலைக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் சில துவைப்பிலேயே வெளுத்துவிடும். திரையைக் கழுவிய தண்ணீரைத் தெருவோர மழைநீர்க் குழியில் ஊற்றினால் அது சுத்திகரிக்காமலே ஓடைக்கும் கடலுக்கும் போகும். நல்ல மை வாங்கியவர் இதையும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் விற்காமல் தங்கும் சரக்கு. சின்ன, நடு, பெரிய அளவு என்று ஒவ்வொரு நிறத்திலும் ஊகத்தில் அச்சடித்துக்கொண்டுதான் வியாபாரி களத்துக்கு வருகிறார். ஆக்லாந்து வானமோ யார் சொல்லும் கேட்பதில்லை. 2023 ஜனவரி 27 அன்று கொட்டிய மழையில் நகரமே மூழ்கியது. ஜனவரி 30 அன்று வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸில் நடக்கவிருந்த லேன்வே இசைவிழா ரத்தானது. பிப்ரவரித் தொடக்கத்தின் விளக்குத் திருவிழாவும் ரத்தானது. 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலைகளைத் தொடர்ந்து பசிபிக்கா நிறுத்தப்பட்டது, 2020இல் கொரோனா. ஆண்டும் விழாப் பெயரும் அச்சடித்த சட்டையை அடுத்த ஆண்டு யார் வாங்குவார்? கடைவாடகையையும் கட்டிவிட்டு அந்த மூட்டையை வீட்டுக்குத் தூக்கிப்போவது சிறு வியாபாரிதான். இழப்பு அவர் பையிலும், வீணாகத் தோய்த்த சாயத்தின் சுமை நொய்யல் போன்ற ஆறுகளிலும் விழுகிறது.

இதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான தீர்வு, சட்டையை விற்காமல் அச்சை மட்டும் விற்பது. வருகிறவர் உடுத்திப் பழகிய சட்டையைக் கொண்டுவரட்டும். அல்லது பழைய துணிக்கடையில் எடுத்த சட்டைகள் ஒரு கம்பியில் தொங்கட்டும். வடிவமைப்பைத் தேர்ந்தெடுத்தால் கண்ணெதிரே அச்சடித்துக் கொடுக்கலாம். சரக்கு தேங்காது, மழை வந்தால் திரையை எடுத்துக்கொண்டு போகலாம். ஓவியத்துக்கும் உழைப்புக்கும் உரிய கூலி கிடைக்கும். சுவரொட்டிக்கும் இதே வழிதான்: மறுசுழற்சித் தாளில் நாளுக்கு வேண்டிய அளவு மட்டும், லினோக் கட்டையிலோ திரையிலோ.

இப்படிச் செய்தால் திருப்பூர்த் தொழிலாளியின் பிழைப்பு என்னாகும் என்று கேட்கலாம். திருவிழாக் கடைகள் வாங்கும் துணி திருப்பூரின் ஏற்றுமதியில் கண்ணுக்குத் தெரியாத அளவு. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரித்த துணிக்குக் கூடுதல் விலை கொடுக்கும் வாடிக்கையாளர்தான் அந்த ஊருக்குத் தேவை. அந்தப் பழக்கத்தை மக்களிடம் உண்டாக்கக் கூடாரக்காரரால் முடியும், ஏனென்றால் வாங்குகிறவரோடு முகம் பார்த்துப் பேசுகிறவர் அவர்தான்.

2040க்குள் குப்பையில்லா நகரம் என்பது ஆக்லாந்து மாநகராட்சியின் இலக்கு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் கடைப்பைகள் 2019 ஜூலையிலும், அதே வகைப் பிளாஸ்டிக் தட்டும் கரண்டியும் 2023 ஜூலையிலும் நாடு முழுவதும் தடையாயின. உணவுக் கடைகளிடம் காட்டும் இந்தக் கண்டிப்பில் கொஞ்சம் துணிக் கடைகளிடமும் வரட்டும். ‘சூழலுக்கு உகந்தது’ என்று எழுதுகிறவர் துணி எந்த ஊரில் சாயமேறியது, மை எது, விற்காத சரக்கை என்ன செய்வார் என்ற மூன்றையும் அதே பலகையில் எழுத வேண்டும் என்று விழாக் குழுக்கள் கடை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். புதுச் சட்டம் தேவையில்லை. பொய்யான பசுமைப் பேச்சைத் தட்டிக்கேட்க 1986ஆம் ஆண்டின் நியாய வணிகச் சட்டமே போதும்.

ஆக்லாந்துத் தமிழர்களே, 2002 முதல் நடந்துவரும் நகரத் தீபாவளி விழாவுக்கு அடுத்த முறை போகும்போது வீட்டிலிருந்து ஒரு பழைய சட்டையை எடுத்துப் போங்கள். அச்சடிக்கும் கூடாரத்தில் அதைக் கொடுத்து, இதில் அடித்துத் தருவீர்களா என்று கேளுங்கள். புதிதுதான் வேண்டுமென்றால், துணி எந்த ஊர்ச் சாயப்பட்டறையில் நனைந்தது என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.