கொல்லைப்புறத்துக் குளவியும் கூட்டுறவும்

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் கடன், நூல் கொள்முதல், லாபப் பங்கு என்பனவே நம் அங்கத்தினர்களின் நினைவுக்கு வருகின்றன. அண்டை அயலாரோடு ஒத்து வாழ்தலே அதன் ஆணிவேர் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அயலார் இரண்டு காலுடையவராயின் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆறு காலும் ஒரு கொடுக்கும் உடையவராயின் என்ன செய்வது? கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் இதன் பொருட்டு ஒரு மனிதரின் உயிர் ஊசலாடியதை நாம் அறிவோம். அதற்கு நம் பேனாவும் ஒரு காரணமாயிற்று. ஆதலின் இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வடசென்னையில் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பரிசோதிக்கச் சென்றிருந்தோம். நூல் கிடங்கின் பின்புறத்தில் ஒரு முருங்கை மரம். அதன் கிளையொன்றில் தேங்காய் அளவில் ஒரு குளவிக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. இருப்பிலுள்ள நூலை நாம் எண்ணிக்கொண்டிருந்தபோது இரண்டு குளவிகள் தலைக்கு மேலே வட்டமிட்டுச் சென்றன. அதைத் தவிர அவை வேறொன்றும் செய்யவில்லை. இருந்தும், பரிசோதனைக் குறிப்பின் கடைசி இனமாக, "பின்புறமுள்ள குளவிக்கூட்டை உடனே அப்புறப்படுத்துக" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினோம்.

அதிகாரியின் குறிப்பை நிறைவேற்றாமல் இருக்கலாமா? மறுநாள் நண்பகலிலேயே காவலாளி ஒரு மூங்கிலின் நுனியில் எண்ணெய்த் துணியைச் சுற்றிப் பந்தம் கொளுத்திவிட்டார். கூட்டில் பாதி எரிந்தது. மற்றப் பாதியில் இருந்தவை அவர்மீது பாய்ந்தன. ஏழெட்டு இடங்களில் கொட்டுப்பட்டவருக்குச் சிறிது நேரத்திற்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சுத் திணறல் கண்டது. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றதால் பிழைத்தார். கைதவறி விழுந்த பந்தத்தின் நெருப்பு, கிடங்கு ஜன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் சருகில் பற்றிக்கொண்டது. அங்கிருந்த நெசவாளப் பெண்மணி ஒருவர் தண்ணீரை ஊற்றி அணைத்திராவிட்டால், சங்கத்தின் நூல் முழுவதும் சாம்பலாகியிருக்கும்.

அடுத்த பரிசோதனையில் செலவுச் சீட்டைக் கண்டோம். "குளவிக்கூடு அப்புறப்படுத்திய வகையில் எண்ணெய், துணி" என்றும், அதன் கீழேயே "வைத்தியச் செலவு" என்றும் எழுதியிருந்தது. இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டோம். காரியதரிசி மறுமொழி சொல்லாமல் நம்முடைய பரிசோதனைக் குறிப்பையே எடுத்து நீட்டினார். நெருப்பை அணைத்த அம்மையாரும் அங்கே இருந்தார். "அந்தக் கூடு மூணு மாசமா அங்கேதான் இருந்துதுங்க ஐயா. தெனம் அந்த வழியாத்தான் நூல் வாங்கப் போனோம். ஒருத்தரையும் ஒண்ணும் பண்ணலை" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாயில்லை.

அன்று முதல் இப்பிராணிகளைப் பற்றிக் கிடைத்ததைப் படித்தும், அறிந்தவர்களைக் கேட்டும் வருகிறோம். தேனீயானாலும் குளவியானாலும் கொட்டுவது பெண்ணே; ஆணுக்குக் கொடுக்கு இல்லை. முட்டையிடும் உறுப்பே கொடுக்காக மாறியிருப்பதால் அது ஆணுக்கு வாய்ப்பதற்கில்லை. இரை தேடிச் செல்லும்போது அவை மனிதரைப் பொருட்படுத்துவதில்லை. கூட்டுக்கும் குஞ்சுக்கும் கேடு வருகிறதென்று உணரும்போதே கொட்டுகின்றன. கிளையை உலுக்குவது, கல்லெறிவது, முகத்தருகே வந்ததைக் கையால் அடிப்பது, கூட்டின் வாயில் நின்று மூச்சு விடுவது ஆகியவை அவற்றுக்குப் போர் முரசு. தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது நம் தோலிலேயே தங்கிவிடும். கொட்டிய தேனீ இறந்துபோகும். அவ்விடத்திலிருந்து எழும் வாழைப்பழத்தை ஒத்த ஒரு வாசனை மற்றத் தேனீக்களையும் தாக்க அழைக்கிறது. ஒரு தேனீ கொட்டியதும் அங்கேயே நின்று கையை வீசுவோர் பலவற்றிடம் கொட்டுப்படுவது இதனால்தான். குளவியின் கொடுக்கு தங்குவதில்லை. அது திரும்பத் திரும்பக் கொட்ட வல்லது.

"குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. உண்மையில் நடப்பது வேறு. நம் வீட்டுச் சுவரிலும், கதவின் சாவித் துவாரத்திலும் மண்ணால் கூடு கட்டும் குளவி, புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, கூட்டினுள் அடைத்து, அத்துடன் ஒரு முட்டையையும் இட்டு வாயை மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அப்புழுவைத் தின்று வளர்ந்து, குளவியாய் வெளிப்படுகிறது. விவசாயிகள் இங்கே சற்று நின்று சிந்திக்க வேண்டும். அவ்வாறு அடைபடும் புழுக்களுள் பல, நம் கத்தரியையும் கீரையையும் தின்னும் புழுக்களே. கூலியும் கேட்காமல், மருந்துச் செலவும் வைக்காமல் வேலை செய்யும் இந்த ஆளை நாம் துடைப்பத்தால் இடித்துத் தள்ளுகிறோம்.

பூசணியிலும் வெள்ளரியிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லாவிடில் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் எளிதில் உதிர்வதில்லை. சிலவகைத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்தே அதை உதிர்க்கின்றன. முருங்கைப் பூவைத் தேடி வரும் பெரிய கரிய தச்சுத் தேனீயைக் கண்டு குழந்தைகள் அலறி ஓடுகின்றனர். அதன் ஆணுக்குக் கொட்டவே தெரியாது. பெண்ணும் கையில் பிடித்தாலன்றிக் கொட்டுவது அரிது. அவற்றின் தயவால் காய்த்த முருங்கைக்காயே நம் குழம்பில் வேகிறது.

ராயபுரம் முதல் எண்ணூர் வரை துறைமுகங்களும், ஆலைகளும், கன்டெய்னர் லாரிகளும் நிறைந்த பூமி. இங்கே பசுமை எஞ்சியிருக்கும் இடங்களில் நம் வீட்டுக் கொல்லைகளும் ஒன்று. ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, நாலு செம்பருத்தி, அவ்வளவே. தங்குவதற்கு வேறிடம் குறைந்த பூச்சிகள் நம் ஓட்டின் அடியிலும் கிணற்றின் உட்சுவரிலும் வந்து குடியேறுகின்றன. அவை வலிய வந்து நம்மை நெருக்குவதாக எண்ணுகிறோம். யார் யாரை நெருக்கினார் என்பது விவாதத்துக்குரியது.

நெசவாளருக்கு ஒரு செய்தி. திருவொற்றியூரின் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் காலத்தில் நெசவாளர் குடியிருப்பாக ஏற்பட்டது. அவர் பெயரே மருவிக் காலடி ஆயிற்று. ஏறத்தாழ அதே சமயம், 1719-இல், பிரான்சு தேசத்து அறிஞர் ரோமூர், குளவிகள் மரநாரைச் சுரண்டி மென்று தம் கூட்டுக்கான காகிதத்தைச் செய்கின்றன என்பதை எடுத்துக்காட்டி, நாமும் அவ்வாறே மரத்திலிருந்து காகிதம் செய்யலாகும் என்றார். அக்காலத்தில் அங்கே காகிதம் கந்தல் துணியிலிருந்து ஆகிவந்தது. இன்று நம் சங்கத்தின் பேரேட்டுக் காகிதம் பெரும்பாலும் மரநாரில் ஆனது. அந்த வித்தையில் குளவி நமக்கு மூத்தது. நாரைப் பக்குவம் செய்து பொருளாக்கும் தொழிலாளி என்ற முறையில் அது நெசவாளருக்கு உறவென்று சொன்னாலும் பிழையாகாது.

இவ்வுறவைச் சங்கமாக அமைத்தே பயன் கண்டவர்களும் நம் நாட்டிலேயே உண்டு. திருச்சியில் பாதிரியார் நியூட்டன் 1910-களில் நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற பெட்டியை அமைத்துப் பலருக்குப் பயிற்சி கொடுத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமச் சீரமைப்பு நிலையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், குடியானவர்களின் கொல்லையிலே தேனீப் பெட்டி வைக்கும் பழக்கத்தை வளர்த்தார். 1937-இல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மரப்பொந்தில் தீ வைத்துத் தேனெடுப்பவன் ஒருமுறை எடுக்கிறான், கூடும் அழிகிறது. பெட்டி வைத்துக் காப்பவன் ஆண்டுதோறும் எடுக்கிறான். 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய ஒரு நச்சுயிரி நோயால் நாட்டுத் தேனீக் குடும்பங்கள் மிகப் பெருவாரியாக மடிந்தன. அதன் பின்பும் குமரி மாவட்டத்தார் அத்தொழிலைக் கைவிட்டுவிடவில்லை. கொட்டும் பூச்சியோடு நாள்தோறும் புழங்கியே ஒரு குடும்பம் வயிறு வளர்க்க முடியுமாயின், நம் கொல்லையில் அதற்கு ஒரு மூலை விடுவது பெரிய தியாகம் அல்ல.

"மனித உயிரைக் காட்டிலும் பூச்சியின் கூடு பெரிதா?" என்று சிலர் கேட்பர். பெரிதன்று. கதண்டுக் கூட்டம் கொட்டி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் நம் மாநிலத்துப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருக்கின்றன. பள்ளிக்கூட வாசலிலோ, தண்ணீர் பிடிக்கும் இடத்திலோ கதண்டு கூடு கட்டினால் அதை அகற்றியே தீரவேண்டும். எல்லாக் கூட்டையும் காக்கவேண்டும் என்பது நம் வாதமன்று. எல்லாக் கூட்டையும் கொளுத்தவேண்டும் என்னும் பழக்கத்தையே நாம் மறுக்கிறோம். எது இருக்கலாம், எது அகலவேண்டும் என்பதைப் பயந்தவர் ஒருவரும், பந்தம் பிடித்தவர் ஒருவரும் அவசரத்தில் தீர்மானிக்கலாகாது. அதிகாரியின் அரைவரிக் குறிப்பும் தீர்மானிக்கலாகாது. பலரும் கூடியிருந்து தீர்மானிக்கவேண்டும். இதற்குச் சங்கத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

ஆகவே ஒவ்வொரு சங்கமும் சில விதிகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, கூட்டைக் கண்டவுடன் இனத்தை அறிக. தனித்து வாழும் மண்குளவி தன் கூட்டைக் காக்கப் படையெடுப்பதில்லை, அதை விட்டுவிடலாம். உயர்ந்த கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ, பூப்பருவம் முடிந்ததும் தானே இடம் பெயரும். அதுவரை அதன்கீழ் நடமாட்டத்தைக் குறைத்து, கயிறு கட்டித் தடுத்து வைத்தால் போதும்.

இரண்டாவது, ஆள் நடமாட்டமில்லாத மூலையிலுள்ள கூட்டைத் தொடவேண்டாம். வாசற்படி, கிணற்றடி, தறிக்கூடம், கழிப்பிடம் ஆகியவற்றின் அருகிலுள்ளதை மட்டும் அகற்றலாம். தேனீயாயின் தேனீ வளர்ப்போரை அழைத்தால் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவர். கதண்டாயின் தீயணைப்பு, மீட்புப் பணித் துறையினருக்குத் தெரிவிக்கவேண்டும். நூலும் பஞ்சும் இருக்குமிடத்தில் எக்காரணம் கொண்டும் பந்தம் கூடாது.

மூன்றாவது, கூடு கட்டுமுன் காப்பதே எளிது. ஓட்டின் இடுக்கையும் சுவரின் ஓட்டையையும் மழைக்கு முன்னரே அடைத்துவிடுக. பழத்தோலையும் எச்சில் இலையையும் மூடி வைக்குக. கொல்லையின் ஓரத்தில் ஒரு தட்டில் கூழாங்கல் இட்டுத் தண்ணீர் வைத்தால், கோடையில் தேனீக்கள் தொட்டிக்கும் குடத்துக்கும் வருவது குறையும். தண்ணீரை அடிக்கடி மாற்றாவிடில் கொசு குடியேறும் என்பதையும் மறக்கலாகாது.

நான்காவது, பயிருக்கு மருந்து தெளித்தே ஆகவேண்டுமாயின் பூ மலர்ந்திருக்கும் காலை வேளையில் தெளிக்கவேண்டாம். தேனீக்கள் கூடு திரும்பியபின் அந்தியில் தெளிக்குக.

ஐந்தாவதே முதன்மையானது. கொட்டுப்பட்டவர் ஓடாமல் பதறாமல் நிற்பது சிறு தொல்லைக்கு ஆகும். கூட்டமாய்த் தாக்கினால் முகத்தை மூடிக்கொண்டு விரைந்து ஓடி, கதவுள்ள ஓரிடத்தில் புகவேண்டும். தேனீயின் கொடுக்கைத் தாமதமின்றி வழித்தெடுத்து, சோப்பிட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்குக. பலருக்கு வலியும் வீக்கமும் அத்துடன் தீரும். ஆனால் சிலருடைய உடம்பு ஒரே கொட்டுக்கும் தாங்குவதில்லை. முகமும் நாக்கும் வீங்குதல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், உடம்பெங்கும் தடிப்பு ஆகியவற்றுள் எது கண்டாலும் சுண்ணாம்பு தடவிப் பொழுது போக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். அட்ரினலின் ஊசி உரிய நேரத்தில் கிடைத்தால் உயிர் பிழைக்கும். நிமிஷங்கள் வீணானால் அதுவே கைவிட்டுப் போகும். நம் பகுதியினருக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. முன்னொருமுறை அவ்வாறு அவதிப்பட்டவர் யார் யார் என்பதைச் சங்கம் அறிந்து வைத்திருத்தல் நலம். அவர்களைக் கூட்டின் பக்கமே அனுப்பலாகாது.

இவ்விதிகளுக்குப் பணச் செலவு அதிகமில்லை. பொறுமைச் செலவு கொஞ்சம் உண்டு. அந்தச் சங்கத்து முருங்கையில் பின்னர் மீண்டும் ஒரு குளவிக்கூடு தோன்றிற்று. கமிட்டியார் கூடிப் பேசி, கிடங்குக்குச் செல்லும் பாதையை நாலடி தள்ளி அமைத்துக்கொண்டனர். சில மாதங்களில் கூடு வெறுமையாயிற்று. இவ்வாண்டுப் பரிசோதனைக் குறிப்பின் கடைசி இனத்தில் நாம் எழுதியது இது: "பின்புறமுள்ள குளவிக்கூட்டைப் பற்றிக் கமிட்டி எடுத்த முடிவு சரியானது. ஆட்சேபணை இல்லை."